கேட்டறியாத இசையில் சின்ன வயசு ஞாபகம்

“இந்த இசையை இப்பத்தான் முதல் தடவையா கேக்குறேன். ஆனா சின்ன வயசு ஞாபகமா வருதே, ஏன்?”

இசை சிகிச்சைக்கு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. பழைய பாட்டு என்றால் காரணம் எளிது. பாட்டும் அதைக் கேட்ட காலமும் சேர்ந்தே பதிந்திருக்கும். சொல்லே இல்லாத, புதிதாகக் கேட்கும் நியூ ஏஜ் இசை, அதாவது மனதை அமைதிப்படுத்தவென்றே அமைக்கப்படும் மெல்லிசை, எப்படி அதைச் செய்கிறது?

அதன் நடை தாலாட்டைப் போல மெதுவானது. ஒரே சிறு மெட்டு திரும்பத் திரும்ப வரும். பல மெட்டுகள் மோகன ராகம் போல ஐந்தே சுரங்களில் இருக்கும். மிக நெருக்கமான இரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று உரசாததால் காது இறுக்கமில்லாமல் கேட்கும். அப்புறம், எதிரொலி. 1968-இல் அமெரிக்க ஃப்ளூட் கலைஞர் பால் ஹார்ன் தாஜ்மகாலுக்குள் தனியாக ஃப்ளூட் வாசித்துப் பதிவு செய்தார். ஒரு சுரம் ஓய்வதற்குள் அடுத்தது அதன்மேல் வந்து படியும். அப்படிப்பட்ட ஒலிக்குள் நாம் சிறியவர்களாகி, சுற்றியுள்ள இடம் மிகப் பெரிதாகிவிடுகிறது. சின்னப் பிள்ளைக்கு உலகமே அப்படித்தானே! இந்த இசையில் வரும் சின்ன வயசு வியப்பு இங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

பாடல் வரி இல்லாததால், ‘இதை நினை’ என்று இந்த இசை சொல்வதில்லை. இடத்தை மட்டும் விட்டுவைக்கிறது. அங்கே எது வந்து உட்காரும் என்பது கேட்பவரின் வாழ்க்கையைப் பொறுத்தது. இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு குழு அமர்வில், யாரையும் கேட்காமல் சாவி கொடுத்தால் மெட்டு இசைக்கும் பொம்மை இசைப்பெட்டியின் ஒலி கொண்ட ஓர் இசைத் துணுக்கைப் போட்டேன். எல்லோரும் லேசாகச் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். சிறுமியாக இருந்தபோது தன்னைப் பூட்டிவைத்த ஓர் இருட்டறை அவருக்கு நினைவுக்கு வந்திருக்கிறது.

அன்றிலிருந்து, இசையை நிறுத்தும் பொத்தான் கேட்பவர் கையில்தான் இருக்கும். கண்ணை மூடச் சொல்வதில்லை. முதல் முறை ஐந்து நிமிடம் போதும். வீட்டில் கேட்பவர்களும் இப்படியே தொடங்கலாம். மனம் கனத்தால் நிறுத்திவிட்டு, பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள், நம்பிக்கையானவரிடம் பேசுங்கள். அந்தக் கனம் திரும்பத் திரும்ப வந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

இன்னொன்று. நினைவு ஒலிப்பதிவு அல்ல. ஒவ்வொரு முறையும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. மூன்று வயதுக்கு முந்தையவை பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பதே இல்லை. இசை கேட்கும்போது தொட்டில் காலம் தெரிந்தது என்றால் அந்த உணர்வை மதியுங்கள், அதை நடந்த நிகழ்ச்சியாக உறுதி செய்துகொள்ள வேண்டாம். 432 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண்ணில் சுருதி சேர்த்த இசை நோய் தீர்க்கும் என்ற விளம்பரங்களுக்கும் நம்பகமான ஆதாரம் இல்லை, மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மறதி நோய் உள்ள பெரியவர்களுக்கு இந்த இசையைவிட அவர்கள் இளவயதில் கேட்ட பாட்டுகளே பெரும்பாலும் நன்றாகப் பலன் தருகின்றன.

அந்தப் பெண் சில வாரம் கழித்து மறுபடி வந்தார். விளக்கு எரியட்டும் என்றார், வெறும் புல்லாங்குழலாகத் தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். முடிந்ததும் சொன்னார்: “ஜன்னல் வெயில்ல தூசி மிதக்கும் பாருங்க, அதையே பாத்துக்கிட்டு தரையில படுத்திருந்தேன். அப்ப எனக்கு ஆறு வயசு இருக்கும்.”