வெள்ளித் தோல் போர்த்திய செம்பு

ரோமானியப் பேரரசு கலப்பட நாணயங்களை அடித்ததால்தான் வீழ்ந்ததா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். போர், கொள்ளைநோய், ஓயாத பதவிச் சண்டை எனப் பல காரணங்கள் பின்னிக் கிடக்கும் ஒரு வீழ்ச்சிக்கு நாணயத்தை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. ஆயினும் அரசின் கருவூலம் வற்றிய விதத்தை அந்த நாணயத்தின் உலோகமே காட்டிவிடுகிறது.

முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலத்து டெனாரியஸ் என்னும் நாணயம் ஏறத்தாழத் தூய வெள்ளி. கி.பி. 64இல் பேரரசர் நீரோ அதன் எடையையும் மாற்றையும் (வெள்ளியின் தூய்மையையும்) குறைத்தார். கோவை வட்டாரத்தில் கிடைத்த டெனாரியஸ்களில் பெரும்பாலானவை அதற்கு முந்தைய அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவையாக இருப்பதற்கு, மாற்றுக் குறையாத காசையே இங்கிருந்த வணிகர்கள் விரும்பினர் என்பதைக் காரணமாகச் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. படைவீரர்களின் ஊதியத்தை உயர்த்திய பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் நாணயத்தில் பாதியளவே வெள்ளி இருந்தது. 260களின் இறுதியில் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே போனது.

பாதி செம்பைக் கலந்தால் நாணயம் சற்றே சிவந்த நிறம் காட்ட வேண்டுமே, அது எப்படி வெள்ளையாக மின்னியது? பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கியவர்களுக்கு இதன் விடை பாதி தெரியும். செம்பும் வெள்ளியும் உருகிய நிலையில் ஒன்றாகக் கலந்தாலும், குளிர்ந்து இறுகும்போது வெள்ளி மிகுந்த மணிகளாகவும் செம்பு மிகுந்த மணிகளாகவும் பெரும்பாலும் பிரிந்துவிடுகின்றன. இந்தக் கலவையில் வார்த்த வில்லையைக் காற்றுபடும்படி உலையில் காய்ச்சினால், மேற்பரப்பிலுள்ள செம்பு ஆக்சிஜனுடன் சேர்ந்து கறுத்துப் போகிறது. வெள்ளியோ அந்த வெப்பத்தில் ஆக்சிஜனோடு நிலையாகச் சேர்வதில்லை. கறுத்த வில்லையைக் காடி போன்ற மென்மையான அமிலத்தில் இட்டால், புளியிலுள்ள அமிலம் குடத்தின் கறையைக் கரைப்பது போலவே, அது செம்பு ஆக்சைடை மட்டும் கரைத்தெடுத்துவிட, செம்பு இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாகி, கடற்பஞ்சு போன்ற வெள்ளித் தோல் ஒன்று எஞ்சுகிறது. பின்னர் வில்லையை அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிக்கும் அந்த ஒரே அடியில், பேரரசரின் முகம் பதிவதோடு துளைகளும் நசுங்கி மூடிக்கொண்டு பளபளப்பான மேனி கிடைக்கிறது. வெளியிலிருந்து வெள்ளியைப் பூசாமல், உள்ளே இருந்த வெள்ளியையே தோலாக்கிய அந்த அக்கசாலைத் தொழிலாளர்களின் திறமை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

உரைகல்லில் மெல்ல உரசினால் தோலின் மாற்றுத்தான் தெரியும். இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்களுக்கும் இதே சிக்கல் நேர்ந்தது: எக்ஸ் கதிர் அளவீடு மேற்பரப்பையே பெரிதும் பார்ப்பதால், பல நாணயங்களின் வெள்ளி அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் கணக்கிடப்பட்டது. பின்னர் கெவின் புட்சரும் மேத்யூ பான்டிங்கும் நாணயங்களின் விளிம்பில் நுண்துளையிட்டு, உட்பகுதியின் துகளை எடுத்துச் சோதித்தபோதுதான், நீரோ முதலில் வெள்ளியை 80 விழுக்காடு வரை இறக்கியிருந்தார் என்பது தெளிவானது. மயிரிழைத் துளை ஒன்று பொருளாதார வரலாற்றையே திருத்தி எழுத வைக்கும்போது, அருங்காட்சியகங்களுக்கு உலோகவியலாளர்களையும் கருவிகளையும் தருவதை வீண் செலவென்று ஒதுக்குவது பெரும் தவறு என்பேன்.

வெள்ளி மேலும் குறைந்தபோது தோலாக எஞ்சுவதற்கு உள்ளேயே போதிய வெள்ளி இல்லாமல் போக, மிக மெல்லிய பூச்சை வெளியிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. பேரரசர் கல்லியேனஸின் முகம் பதித்த காசு கைமாறக் கைமாற, புடைத்து நிற்கும் மூக்கும் கன்னமும் முதலில் தேய்ந்து செம்பு எட்டிப் பார்த்தது. மக்கள் பழைய நல்ல காசைப் புதைத்து வைத்துக்கொண்டு புதிய காசையே செலவழித்தனர். வரியாக அரசிடம் திரும்பியதும் அந்த மட்டமான காசுதான். விலைகள் ஏறின, 301இல் பேரரசர் தியோக்கிளீசியன் விலைகளுக்கு உச்சவரம்பு விதித்தும் அவை அடங்கவில்லை. படைக்குத் தேவையான தானியத்தையும் துணியையும் அரசு பொருளாகவே வசூலிக்கத் தொடங்கியிருந்தது. அப்படி வசூலிப்பதற்கு நிலம் கையில் இருந்தாக வேண்டும். 439இல் வண்டல்கள் என்னும் ஜெர்மானிய இனத்தார் கார்த்தேஜ் நகரைப் பிடித்து, வட ஆப்பிரிக்காவின் வளமான நிலங்களின் வருவாயைப் பறித்துக்கொண்ட பிறகு, மேற்கு ரோமானிய அரசு 476 வரைதான் தாக்குப்பிடித்தது.