கூட்டத்தின் நிமிடங்களை எடுத்தது யார்?

"கடந்த கூட்டத்தின் நிமிடங்கள் வாசிக்கப்பட்டு அங்கீகரிக்கப்பட்டன." அலுவலகச் சுற்றறிக்கையிலும் குடியிருப்போர் சங்க மின்னஞ்சலிலும் கைபேசிச் செயலிகளின் தமிழ்ப் பக்கத்திலும் இந்த வாக்கியம் இப்போது சாதாரணமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூட்டத்தில் நடந்ததை எழுதிவைக்கும் தாளுக்கு ஆங்கிலத்தில் 'மினிட்ஸ்' என்று பெயர், அதைக் கடிகார நிமிடமாக எண்ணி மொழிபெயர்த்ததன் விளைவு இது. நிமிடங்களை எப்படி வாசிப்பது? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தா? சில இடங்களில் "நிமிடங்களை எடுப்பவர்" என்று ஒரு பதவியே இருக்கிறது. கூட்டம் ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்பதற்கு அவரைத்தான் கேட்க வேண்டும்போல.

சொல்லின் பிறப்பை முதலில் முடித்துவிடலாம். இலத்தீனில் 'மினுட்டஸ்' என்றால் சிறிதாக்கப்பட்டது. ஒரு மணி நேரத்தை 60 ஆகப் பகுத்தால் கிடைப்பது முதற்சிறு பகுதி, 'மினுட்டா ப்ரீமா'. அதை மறுபடி 60 ஆகப் பகுத்தால் இரண்டாம் சிறு பகுதி, 'மினுட்டா செகுண்டா'. நம் கடிகாரத்தின் மினிட்டும் செகண்டும் இவை. இன்னொரு கிளை 'மினுட்டா ஸ்கிரிப்டுரா'. பிறகு செப்பமாகப் படியெடுப்பதற்காகச் சிறிய எழுத்தில் எழுதிவைத்த முதற்படி அது. கூட்டத்தின் மினிட்ஸ் இந்தக் கிளையில் வந்தது என்பர். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே உருவில் நிற்பதால்தான் தமிழில் குழப்பம். நம் நிமிடத்துக்கோ சிறிய எழுத்தோடு எந்த உறவும் கிடையாது. வடமொழி 'நிமிஷ'த்தின் வழி வந்த அதன் பொருள் கண்ணிமைப்பு. "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை" என்று எழுத்தின் ஒலி அளவுக்குத் தொல்காப்பியர் எடுத்த அதே கண்ணிமை. தனித்தமிழ் அன்பர் ஒருவர் நாளைக்கு நிமிடத்தைக் களைந்து 'கூட்ட மணித்துளிகள்' என்று எழுதினாலும் வியப்பதற்கில்லை. வடசொல் போய்விடும், பிழை அப்படியே இருக்கும்.

ஆங்கில 'மினிட்' ஆட்சித்துறையில் ஒருமையிலும் வழங்கியது, அதிகாரி ஒருவர் தம் கருத்தை எழுதிவைக்கும் குறிப்பு என்ற பொருளில். 1835 பிப்ரவரி 2-ஆம் தேதியிட்ட மெக்காலேயின் கல்விக் குறிப்பு அந்த வகை. அதை 'மெக்காலேயின் நிமிடம்' என்று யாரும் எழுதவில்லை. பழைய மொழிபெயர்ப்பாளருக்கு அந்தத் தாள் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தது.

ஆகவே மினிட்ஸ் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டே அதற்குப் பெயர் தேட வேண்டும். ஒரு கூட்டம் எங்கே, எப்போது, யார் தலைமையில் நடந்தது, யார் வந்தார்கள், கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) இருந்ததா, எதை முடிவு செய்தார்கள், எவர் எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்பதைக் கூடியவர்களே தங்களுக்காக எழுதி, தாங்களே ஏற்று, தலைவர் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளும் பதிவு அது. கம்பெனி என்றால் சட்டமே அளவு சொல்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 118-ஆம் பிரிவுப்படி, கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் அது புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும், பக்கங்களுக்குத் தொடர் எண் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் அல்லது கையெழுத்து, கடைசிப் பக்கத்தில் தேதியோடு கையெழுத்து. வேறு தாளில் அடித்துக் கொண்டுவந்து புத்தகத்தில் ஒட்டக் கூடாது. ஒட்டிய தாளைக் கிழித்து வேறொன்றை ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? திருத்தி மோசடி செய்தவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்று அதே பிரிவு சொல்கிறது. இவ்வளவு கனமான தாளைத்தான் 'நிமிடங்கள்' என்கிறார்கள்.

இப்போது தமிழில் என்ன சொல்வது? பேச்சில் எல்லாரும் மினிட்ஸ்தான். "மினிட்ஸ் போட்டாச்சா", "மினிட்ஸ் நோட்டுல கையெழுத்து வாங்கிட்டீங்களா" என்பதில் யாருக்கும் ஐயம் வருவதில்லை. தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களில் அது 'எம்ஓஎம்' (மினிட்ஸ் ஆஃப் மீட்டிங்) ஆகிவிட்டது. கிராம சபையிலும் மகளிர் குழுவிலும் தீர்மானப் புத்தகம், தீர்மான நோட்டு என்பார்கள். நல்ல சொல்தான், ஆனால் தீர்மானம் உள்ளே இருக்கும் சரக்கில் ஒரு பகுதி. தீர்மானமே இல்லாமல் முடிந்த கூட்டத்துக்கும் மினிட்ஸ் உண்டு. கோரம் இல்லாததால் ஒத்திவைத்தோம் என்பதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

எழுத்தில் நிமிடத்துக்குப் பலமான எதிராளி ஒன்று உண்டு: கூட்டறிக்கை. இலங்கைத் தமிழில் இது நிலைபெற்ற சொல். "சென்ற கூட்டறிக்கை வாசிக்கப்பட்டு, பிரேரிக்கப்பட்டு, ஆமோதிக்கப்பட்டது" என்று பள்ளி மன்றம் முதல் கோயில் அறங்காவலர் சபை வரை எழுதுகிறார்கள். நிமிடத்தோடு ஒப்பிட்டால் இது ஆயிரம் மடங்கு மேல். பொருள் அறிந்தவர் ஆக்கிய சொல் என்பதால் மரியாதையோடுதான் மறுக்க வேண்டும், ஆனாலும் மறுக்கத்தான் வேண்டும்.

முதலில் புணர்ச்சி. கூட்டு + அறிக்கை என்றால் குற்றியலுகரம் கெட்டுக் கூட்டறிக்கை ஆகும். கூட்டம் + அறிக்கை என்றால் மகர மெய் கெட்டு, உயிர் முன் உயிராக நின்று, வகரம் இடையில் வந்து கூட்டவறிக்கை ஆகும், மரம் + அடி மரவடி ஆவதுபோல. நன்னூலின் "மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும்" என்ற விதி இது. எழுத்துப்படி பார்த்தால் கூட்டறிக்கை என்பது பலர் கூட்டாக விடும் அறிக்கை. இங்கே ஒருவர் கை தூக்கலாம்: வட்டம் + ஆட்சியர் வட்டாட்சியர் என்றும், கோட்டம் + ஆட்சியர் கோட்டாட்சியர் என்றும் அரசே எழுதுகிறதே? எழுதுகிறது, யாருக்கும் இடறவில்லை. வட்டு ஆள்பவர் என்று ஒரு அதிகாரி இல்லாததால் இடறவில்லை. ஆகவே இலக்கணத்தை மட்டும் வைத்துக் கூட்டறிக்கையைத் தள்ள முடியாது. ஆனால் இங்கே இன்னொரு கூட்டறிக்கை உண்மையிலேயே இருக்கிறது. இரு நாட்டுத் தலைவர்கள் சந்தித்தால் வெளியிடுவது கூட்டறிக்கை. ஐந்து கட்சிகள் சேர்ந்து கண்டனம் தெரிவித்தால் அதுவும் கூட்டறிக்கை. "தொழிற்சங்கங்களின் கூட்டறிக்கை" என்று தலைப்பு வந்தால், அது சங்கங்கள் ஒன்றுசேர்ந்து விட்ட அறிக்கையா, அவற்றின் கூட்டத்தில் எழுதியதா? தமிழ்நாட்டு வாசகர் முதற்பொருளை எடுப்பார், யாழ்ப்பாணத்து வாசகர் ஒரு கணம் நின்று பார்ப்பார். ஒரே மொழியில் எழுதும் இருவர் ஒரே சொல்லைப் படித்து வேறு வேறு தாளைத் தேடுவது எதற்கு?

இதைவிடப் பெரிய குறை 'அறிக்கை'யில் இருக்கிறது. அறிவிப்பதால் அது அறிக்கை. ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பது. தணிக்கை அறிக்கை, ஆண்டறிக்கை, விசாரணை அறிக்கை எல்லாவற்றிலும் எழுதியவர் வேறு, பெறுபவர் வேறு. எழுதியவர் தம் மதிப்பீட்டையும் பரிந்துரையையும் சேர்க்கலாம், சேர்க்காவிட்டால்தான் குறை. மினிட்ஸில் எழுதுபவருக்குக் கருத்துச் சொல்ல இடமே கிடையாது. "பொருளாளரின் கணக்கு திருப்தியாக இல்லை" என்று செயலாளர் தம் போக்கில் எழுத முடியாது. அப்படி ஒரு உறுப்பினர் சொல்லி, பதிய வேண்டும் என்று கேட்டிருந்தால், யார் சொன்னார் என்ற பெயரோடு எழுதலாம். அறிக்கையைச் சமர்ப்பிப்பார்கள். மினிட்ஸை உறுதிசெய்வார்கள். இந்த இரண்டு வினைகளையும் இடம் மாற்றிப் பாருங்கள், பொருந்தாது. சொல்லே தவறான வினையைக் கூட்டிவந்தால் வேலையும் தவறாகத்தான் நடக்கும். 'அறிக்கை' என்று சொல்லிக் கொடுத்த இளையவர் நான்கு பக்கத்துக்கு வருணனை எழுதுவதும், "தலைவர் தம் அருமையான உரையில்" என்று தொடங்குவதும் இதனால்தான்.

தமிழ்நாட்டு அரசு நடை 'நடவடிக்கைக் குறிப்பு'. பொருள் சரி, நீளம்தான் இடைஞ்சல். அதோடு நடவடிக்கை என்றதும் இன்று காதில் விழுவது "நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற மிரட்டல். கூட்டத்தில் ஒப்புக்கொண்ட வேலைகளையும் நடவடிக்கை என்றே எழுதுவதால் 'நடவடிக்கைக் குறிப்பின் மீதான நடவடிக்கை' என்று ஒரு தலைப்பு பிறந்துவிடுகிறது. அதை முகம் சுளிக்காமல் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். 'கூட்டப் பதிவு' எளிமையாக இருக்கிறது, ஆனால் இன்று ஒலிப்பதிவு, காணொளிப் பதிவு என்ற நினைப்புதான் முதலில் வருகிறது.

மிஞ்சுவது கூட்டக் குறிப்பு. தாள் கூட்டக் குறிப்பு, அதைத் தொகுத்த புத்தகம் கூட்டக் குறிப்பேடு, எழுதுபவர் குறிப்பாளர். சட்டமன்றத்தில் "அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது" என்று செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரியும். அவைக் குறிப்பு சொல்லுக்குச் சொல் எழுதுவது, கூட்டக் குறிப்பு முடிவை எழுதுவது. அளவு வேறே தவிர, குறிப்பு என்றால் கூடியவர்களின் அதிகாரம் பெற்ற பதிவு என்ற பொருள் தமிழ்க் காதுக்குப் புதிதில்லை. இதற்கும் ஒரு குறை உண்டு: கூட்டத்தில் உட்கார்ந்து நீங்களும் நானும் நோட்டில் கிறுக்குவதும் குறிப்புதான். அங்கே 'என் குறிப்பு' என்றாலே போதும். இலத்தீன்காரரும் கிறுக்கல் படியிலிருந்துதான் தம் சொல்லை எடுத்தார், நாம் மட்டும் கூச்சப்படுவானேன்.

சொல் சரியாகிவிட்டால் உள்ளே எழுதுவது தானாகச் சரியாகிவிடாது. இரண்டு வரிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"குடிநீர்த் தொட்டி குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது. ஆவன செய்யப்படும்."

"தீர்மானம் 4: மேல்நிலைத் தொட்டியைக் கழுவி மூடி மாற்ற ரூ. 6,500-க்கு மிகாமல் செலவிடலாம். பொறுப்பு: பொருளாளர். முடிக்க வேண்டிய நாள்: இம்மாதம் 20."

முதல் வரியில் ஆள் இல்லை, தொகை இல்லை, நாள் இல்லை. அடுத்த கூட்டத்திலும் அதே தொட்டி, அதே விரிவான விவாதம். 'ஆவன செய்யப்படும்' என்பதை எழுதுபவர் பணிவு என்று நினைக்கிறார். உண்மையில் அது ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பு. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபை கூடிக் குடவோலைக்கு விதி வகுத்ததை அவை சொல்கின்றன. கூடியது எந்தச் சபை, உடனிருந்த அரச அதிகாரி யார், என்ன முடிவு, சபையார் பணிக்க எழுதிய மத்தியஸ்தன் யார் என்பதெல்லாம் அதில் உண்டு. சபை தன்னைச் 'சபையோம்' என்று சொல்லி, 'செய்தோம்' என்று தன்மையில் முடிக்கிறது. கம்பெனிக் குறிப்பில் அந்தத் தன்மை நடைக்கு இடமில்லை. கம்பெனிச் செயலர் கழகத்தின் தரநிலைப்படி நடந்ததைப் படர்க்கையில் இறந்த காலத்தில் எழுத வேண்டும், தீர்மானத்தை மட்டும் நிகழ்காலத்தில். அதற்காக எழுவாயையே தொலைக்கச் சொல்லி எந்தத் தரநிலையும் கேட்கவில்லை. "இயக்குநர்கள் முடிவு செய்தனர்" என்பதும் படர்க்கைதான்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை. இணையவழிக் கூட்டம் முடிந்த மறுநொடி மென்பொருள் ஒன்று பேச்சையெல்லாம் சுருக்கி அனுப்பிவிடுகிறது, அதற்குத் தமிழில் தலைப்பும் தானே 'சந்திப்பு நிமிடங்கள்' என்று போட்டுக்கொள்கிறது. ஒருவர் சும்மா சொல்லிப் பார்த்த யோசனையும் எல்லாரும் ஏற்ற முடிவும் அதில் ஒரே கனத்தில் நிற்கும். அது பேச்சுச் சுருக்கம், அவ்வளவுதான். தலைவர் படித்து, முடிவுகளைப் பிரித்து, உறுப்பினருக்கு அனுப்பித் திருத்தம் கேட்டு, ஏற்ற பிறகே அது கூட்டக் குறிப்பு ஆகும். கம்பெனி இயக்குநர் குழுவில் இதற்கு நாள் கணக்கே உண்டு: வரைவை 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும், கருத்துச் சொல்ல 7 நாள்.

ஏற்ற பின் பிழை தெரிந்தால் வெள்ளை மை பூசக் கூடாது, அடித்து மேலே எழுதவும் கூடாது. அடுத்த கூட்டத்தின் குறிப்பில் எழுதினால் போதும்: "சென்ற கூட்டக் குறிப்பு 3-ஆம் பக்கம் 2-ஆம் பத்தியில் ரூ. 5,600 என்றிருப்பதை ரூ. 6,500 எனத் திருத்திப் படிக்க உறுப்பினர்கள் முடிவு செய்தனர்." மொழிபெயர்ப்பு வார்ப்புருக்களில் 'நிமிடங்கள்' என்று பதிந்து வைத்திருப்பவர்களும் இதே வாய்பாட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.