கத்திக்கொண்டே கேட்க வேண்டிய பெட்டி

ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் பெற்று ஆர்வத்துக்காக ரேடியோவில் பேசுபவர்களின் உலகம். அதில் ரிப்பீட்டரைப் பராமரிப்பவருக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒரே வரிதான்: "ரிப்பீட்டர் சரியில்லை." எப்படிச் சரியில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவருக்கு நேற்றுவரை கைக்கருவியிலேயே எட்டியது, இன்று எட்டவில்லை. இன்னொருவருக்கு எட்டுகிறது, ஆனால் பேச்சு நடுநடுவே அறுந்துபோகிறது. மூன்றாமவர், யாருமே பேசாதபோது அது தானாக உயிர்பெற்றுக் கரகரக்கிறது என்கிறார். மூவரும் ஒரே கோளாற்றைத்தான் மூன்று பக்கத்திலிருந்து சொல்கிறார்களா, இல்லை மூன்றும் வேறு வேறா? ரிப்பீட்டர் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான். இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது இது: "யாரோ குறுக்கிடுகிறார்கள்" என்று தொடங்கும் தேடல் பெரும்பாலும் நம் டவருக்கே திரும்பி வந்து முடிகிறது.

ஏன் அப்படி என்று புரிய, அந்தப் பெட்டி என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வேண்டும். ரிப்பீட்டர் உயரமான இடத்தில் உட்கார்ந்து, ஓர் அதிர்வெண்ணில் வரும் மெலிந்த குரலைக் கேட்டு, அதே நொடியில் இன்னோர் அதிர்வெண்ணில் பலமாகத் திருப்பிச் சொல்கிறது. 2 மீட்டர் அலைவரிசையில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் 600 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. 145.000 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 145.600-இல் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேசுவது 50 வாட் திறனில். கேட்க வேண்டியதோ ஆன்டெனாவில் 0.2 மைக்ரோவோல்ட் அளவே உள்ள சிக்னல். இரண்டுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 168 டெசிபெல். எண்ணாக எழுதினால் 6-க்குப் பின்னால் 16 சுழியங்கள். இதை ஒரே ஆன்டெனாவில் செய்ய வேண்டும். தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போதே, தெருக்கோடியில் ஒருவர் முணுமுணுப்பதைக் காதில் வாங்குவது மாதிரி.

இதைச் சாத்தியமாக்குவது டூப்ளெக்சர். வரிசையாக நிற்கும் உலோக உருளைகள். 2 மீட்டர் அலைவரிசைக்குப் பெரும்பாலும் ஆறு இருக்கும்: டிரான்ஸ்மிட்டர் பக்கம் மூன்று, ரிசீவர் பக்கம் மூன்று. இவற்றைக் கேவிட்டி என்பார்கள். ஒவ்வொன்றின் உள்ளும் கால் அலைநீளத்துக்கு, அதாவது அரை மீட்டர் அளவுக்கு, ஒரு தண்டு. குடத்தின் வாயில் ஊதினால் அதற்கென்று ஒரு சுருதி எழுகிறது அல்லவா, அதுபோல ஒவ்வொரு கேவிட்டிக்கும் ஒரு அதிர்வெண் உண்டு. அதைத் திருகிச் சரிசெய்து, ஒன்றை உள்ளே விடவும் மற்றதை வாசலிலேயே மறிக்கவும் பழக்கிவைக்கிறார்கள்.

ரிசீவர் பக்கக் கேவிட்டிகள் எதற்கு என்பது எளிதில் புரியும்: 50 வாட் வெள்ளம் ரிசீவரை மூழ்கடிக்காமல் தடுக்க. டிரான்ஸ்மிட்டர் பக்கம் எதற்கு? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எந்த டிரான்ஸ்மிட்டரும் 145.600-இல் மட்டும் பேசுவதில்லை. அதன் இருபுறமும் மெல்லிய இரைச்சல் ஒரு பாவாடைபோல விரிந்து கிடக்கும். அந்த இரைச்சலின் ஓரம் 145.000-இலும் விழும். நாம் கேட்க விரும்பும் அதே அதிர்வெண்ணில் அது இருப்பதால், ரிசீவர் பக்கம் எவ்வளவு நல்ல வடிகட்டி வைத்தாலும் அதைப் பிரிக்க முடியாது. பிறக்கும் இடத்திலேயே அடக்கியாக வேண்டும். ஆகவே டூப்ளெக்சர் இரண்டு தனித்தனிப் போர்களை நடத்துகிறது. 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு ஒவ்வொரு பக்கமும் 80 முதல் 100 டெசிபெல் வரை பிரிப்பு தேவைப்படும். 70 சென்டிமீட்டர் அலைவரிசையில் இடைவெளி பல நாடுகளில் 5 மெகாஹெர்ட்ஸ், சில இடங்களில் அதற்கும் மேல். அதனால் அங்கே கைக்கு அடக்கமான டூப்ளெக்சரே போதும்.

வெப்பத்தில் தண்டு நீண்டால் சுருதி மாறிவிடும். அதற்காகத் தண்டை நகர்த்தும் கம்பியை இன்வார் என்ற கலப்பு உலோகத்தில் செய்கிறார்கள். இரும்பும் நிக்கலும் கலந்த இது வெப்பத்தில் ஏறக்குறைய விரியவே விரியாது. இதைக் கண்டறிந்த சார்ல் எதுவார் கியோமுக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தனை நுணுக்கமாகச் செய்த பொருளை அளவுக் கருவி இல்லாமல் யாரும் திருகக் கூடாது. "கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன்" என்ற ஒரு வரியால் மாதக்கணக்கில் அலைந்த குழுக்கள் உண்டு.

டிரான்ஸ்மிட்டரின் ஆற்றல் எங்கோ கசிந்து ரிசீவரின் காதை மந்தமாக்கினால் அதற்கு டீசென்ஸ் என்று பெயர். இதைக் கண்டுபிடிப்பது எளிது. மெலிந்த, நிலையான ஒரு சிக்னலை ரிப்பீட்டர் கேட்கும்படி செய்யுங்கள். டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவைத்து, ரிசீவரின் ஒலியை நேராக ஒரு ஸ்பீக்கரில் கேளுங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரை இயக்குங்கள். சிக்னல் அப்படியே இருந்தால் நல்லது. சட்டென்று கரகரப்பு ஏறினால் டீசென்ஸ். தொலைவில் இருப்பவரின் பேச்சு அறுந்து அறுந்து வருவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: ரிப்பீட்டர் அவரைக் கேட்கிறது, பேசத் தொடங்குகிறது, பேசியதால் செவிடாகிறது, அவரை இழந்து நிற்கிறது, நின்றதும் மறுபடி கேட்கிறது.

டீசென்ஸ் இருக்கிறது என்று தெரிந்ததும் உலகத்தை இரண்டாக வெட்ட வேண்டும். ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு, டூப்ளெக்சரின் வாயில் ஒரு டம்மி லோடை (ஆற்றலைக் காற்றில் வீசாமல் வெப்பமாக்கிவிடும் போலி ஆன்டெனா) மாட்டி, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சோதனைச் சிக்னலை ஒரு டி-இணைப்பு வழியாக மிக மெல்லிதாக உள்ளே விடலாம். டம்மி லோடிலும் டீசென்ஸ் தொடர்ந்தால் கோளாறு கீழே: டூப்ளெக்சர், குட்டிக் கேபிள்கள், அல்லது தன் வேலையை ஒழுங்காகச் செய்யாத பவர் ஆம்ப்ளிஃபையர். டம்மி லோடில் சுத்தமாக இருந்து, ஆன்டெனாவை மாட்டியதும் திரும்ப வந்தால் கோளாறு மேலே. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் டவரில் ஏறுவது வீண் ஆபத்து.

எனக்கு மறக்க முடியாத ஒரு குன்று உண்டு. அங்கே ரிப்பீட்டர் காற்றடிக்கும் நாள்களில் மட்டும் செவிடானது. டூப்ளெக்சரை இருமுறை கழற்றி அளந்தோம், குறையே இல்லை. டம்மி லோடில் சுத்தம். ஆன்டெனாவையே மாற்றினோம், காற்றடித்ததும் பழையபடி பொரிந்தது. கடைசியில் நான் கீழே ஹெட்போனோடு உட்கார, நண்பர் மேலே ஏறி ஒவ்வொரு உலோகத் துண்டாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஆன்டெனாவுக்குச் சற்றுக் கீழே, எப்போதோ யாரோ பயன்படுத்திவிட்டு விட்டுப்போன, எதையும் தாங்காத ஒரு துருப்பிடித்த கிளாம்பைத் தொட்டதும் காதில் பொரிகடலை வெடித்தது.

ஒரு வெறும் கிளாம்ப் எப்படி ரிசீவரைக் கெடுக்கும்? இரண்டு உலோகங்களுக்கு நடுவே துரு படிந்தால் அந்த இடம் ஒரு சுமாரான டயோடு (மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் உறுப்பு) மாதிரி நடந்துகொள்கிறது. பலமான ரேடியோ அலை அதன்மேல் படும்போது அது அலையைச் சிதைத்துப் புதிய அதிர்வெண்களையும் இரைச்சலையும் உண்டாக்கித் திருப்பி வீசுகிறது. டிரான்ஸ்மிட்டர் பேசாதபோது அது வெறும் இரும்புதான். டவரை இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பிகள், தளர்ந்த போல்ட்டுகள், டவரை உரசும் சங்கிலி, பக்கத்து வேலி, எதுவும் இப்படி மாறலாம். மழை நனைத்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வரலாம். இந்த விதமான கோளாற்றில் வானிலையைக் குறித்துவைப்பது பாதி வேலை.

கேபிளுக்குள்ளேயும் இதே கதை நடக்கும். அலுமினிய ஃபாயிலும் அதன்மேல் செம்புப் பின்னலும் உள்ள கேபிள் ஒருவழிப் பேச்சுக்கு அருமையானது. ஆனால் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் வேண்டிய இடத்தில், இரண்டு வேறு உலோகங்கள் உரசிக்கொண்டு, அசையும்போதெல்லாம் இரைச்சல் தரும். மேலே போகும் கேபிள் முழு உலோகக் குழாய் உறை கொண்டதாகவும், கீழே உள்ள குட்டிக் கேபிள்கள் வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல் கொண்டவையாகவும் இருப்பது நல்லது. இணைப்பிகள் என்-வகையாக இருக்கட்டும். நிக்கல் பூச்சு உள்ளவற்றைத் தவிர்த்துவிடுங்கள். நிக்கல் காந்தத் தன்மை உடையது, அதுவும் அலையைச் சிதைக்கும்.

கேபிள் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை எஸ்டபிள்யூஆர் என்ற எண்ணாகக் காட்டும் மீட்டர் உண்டு; எண் 1-ஐ நெருங்க நெருங்க நல்லது. அது நல்ல எண்ணைக் காட்டுகிறது என்பதால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று நம்பக் கூடாது. கேபிளில் தண்ணீர் இறங்கி 6 டெசிபெல் இழப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேலே ஆன்டெனாவே உடைந்து விழுந்துவிட்டது. அனுப்பிய ஆற்றல் போகும் வழியில் 6 டெசிபெல் இழந்து, முழுவதும் திரும்பி, வரும் வழியில் இன்னொரு 6 இழக்கிறது. கீழே உள்ள மீட்டருக்கு 12 டெசிபெல் குறைந்த எதிரொலிதான் தெரியும். அதன் கணக்குப்படி எஸ்டபிள்யூஆர் சுமார் 1.7. ஆன்டெனாவே இல்லாமல் 1.7! மழைக்காலத்துக்குப் பிறகு எஸ்டபிள்யூஆர் முன்பைவிட அழகாக இறங்கியிருந்தால் மகிழாதீர்கள், கேபிளின் இழப்பைத் தனியாக அளந்து பாருங்கள். இன்று உள்ளங்கையில் அடங்கும் நானோவிஎன்ஏ கருவியே இதைச் செய்யும், தண்ணீர் இறங்கிய இடம் எத்தனை மீட்டரில் என்றும் ஓரளவு காட்டிவிடும்.

சரி, ரிப்பீட்டரில் அந்நியக் குரல் கேட்கிறது, ஏதோ பாட்டு கிழிந்து கிழிந்து வருகிறது என்றால்? அங்கே கூட்டல் கழித்தல் கணக்கு வருகிறது. இரண்டு சிக்னல்கள் ஒரு டயோடு போன்ற இடத்தில் சந்தித்தால், ஒன்றின் இரு மடங்கிலிருந்து மற்றொன்றைக் கழித்த இடத்தில் புதிய சிக்னல் பிறக்கும். இதுதான் இன்டர்மாடுலேஷன். நம் ரிப்பீட்டர் 145.600-இல் பேசும்போது, பக்கத்து டவரில் யாரோ 146.200-இல் பேசினால், 145.600-இன் இரு மடங்கு 291.200, அதிலிருந்து 146.200 போக 145.000. நேராக நம் காதிலேயே. மூன்று சிக்னல்கள் சேர்ந்தும் இதைச் செய்யும். 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு எஃப்எம் ஒலிபரப்புகள், உதாரணமாக 90.0, 90.6 மெகாஹெர்ட்ஸ், அருகில் இருந்தால் 145.600-உடன் முதலாவதைக் கூட்டி இரண்டாவதைக் கழித்துப் பாருங்கள். அதே 145.000.

இதில் நம் டிரான்ஸ்மிட்டரும் ஒரு சரக்கு என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் குறுக்கீட்டின்போது நான் கேட்கும் முதல் கேள்வி, "நம் டிரான்ஸ்மிட்டரை நிறுத்தினால் அது போகிறதா?" என்பது. போனால் கலவையில் நாமும் இருக்கிறோம். இத்தகைய ரிப்பீட்டர் சுழலில் மாட்டிக்கொள்ளும்: யாரோ பேசி முடிக்கிறார், அப்புறமும் டிரான்ஸ்மிட்டர் சில நொடிகள் இயங்குகிறது, அதனால் பிறக்கும் கலவைச் சிக்னல் ரிசீவரைத் திறந்தே வைத்திருக்கிறது, ரிசீவர் திறந்திருப்பதால் டிரான்ஸ்மிட்டர் நிற்பதில்லை. நேரவரம்பு டைமர் வெட்டும்வரை இப்படியே ஓடும்.

கலவை எங்கே நடக்கிறது என்று அறிய ஒரு அழகான வழி இருக்கிறது. ரிசீவரின் வாயில் 6 டெசிபெல் குறைக்கும் அட்டெனுவேட்டரை மாட்டுங்கள். வெளியே பிறந்து உண்மையாகவே காற்றில் வரும் சிக்னல் 6 டெசிபெல் குறையும். ரிசீவருக்குள்ளேயே பிறந்ததானால், கலக்கும் சரக்குகள் எல்லாமே 6 குறைவதால், அது சுமார் 18 டெசிபெல் விழுந்துவிடும், பெரும்பாலும் காணாமலே போய்விடும். ரிசீவரில் என்றால் இன்னொரு கேவிட்டியைச் சேர்க்கலாம். தேவையில்லாத ப்ரீஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதை முதலில் எடுத்துப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டரின் கடைசிக் கட்டத்தில் கலக்கிறது என்றால் ஐசோலேட்டர் தேவை. வெளியே போகும் ஆற்றலை விட்டு, ஆன்டெனா வழியாகத் திரும்பி வருவதைத் தடுத்து எரித்துவிடும் ஃபெர்ரைட் கருவி அது. கலவை துருவில் நடந்தால், தட்டித் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

பல குழுக்கள் இந்த இடத்தில் வேறொன்றைச் செய்கின்றன: சிடிசிஎஸ்எஸ் டோன் போட்டுவிடுகின்றன. 67.0 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒரு தாழ்ந்த டோன் கூடவே வந்தால்தான் ரிப்பீட்டர் வாய் திறக்கும். தொலைவிலுள்ள வேறொரு ரிப்பீட்டரின் ஆட்கள் வந்து விழுவதைத் தடுக்க இது மிக நல்ல ஏற்பாடு, நானும் போட்டிருக்கிறேன். ஆனால் இரைச்சல் இதனால் குறைவதில்லை. கரகரப்பு கேட்பது நின்றுவிடும், செவிட்டுத்தனம் அப்படியே இருக்கும். மெலிந்த குரலில் கூப்பிடும் ஒருவர், அவசரத்தில் கூப்பிடுபவராகவும் இருக்கலாம், அந்த இரைச்சலுக்கு அடியில் கிடப்பார். நாம் அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். டோனைப் போடுங்கள், ஆனால் கோளாற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு போடுங்கள்.

டிரான்ஸ்மிட்டரை நிறுத்தியும் இரைச்சல் இருந்தால் அது வெளியிலிருந்து வருவது. எல்இடி விளக்குகள், மலிவான ஸ்விட்சிங் பவர் சப்ளைகள், சோலார் இன்வெர்ட்டர், அறைக்குள்ளேயே இருக்கும் நெட்வொர்க் கருவிகள். நம் ரிப்பீட்டரையே பேட்டரியில் ஓடவிட்டு, அறையின் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் மூலம் அந்த அறைக்குள். மின்கம்பியில் பொறி பறந்தால், மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக உள்ள நாடுகளில் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்கும். கையில் ஏஎம் ரிசீவரும், திசை காட்டும் யாகி ஆன்டெனாவும் எடுத்துக்கொண்டு நடக்கும்போது, நெருங்க நெருங்க அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போகவேண்டும். பொறியின் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்ணில் கிலோமீட்டர் கணக்கில் பரவும், உயர்ந்த அதிர்வெண்ணில் பக்கத்தில் மட்டும்தான் கேட்கும். யாரோ ஒருவரின் மைக் இருக்கைக்கு அடியில் சிக்கி, பேசும் பொத்தான் அழுந்திக்கிடந்தால், ரிப்பீட்டரின் குரலைத் துரத்தாமல் அதன் உள்வரும் அதிர்வெண்ணில் நேராகக் கேட்டுத் தேடுங்கள்.

புகார் சொன்ன மூவரிடமும் நான் இப்போது ஒன்றைத்தான் முதலில் கேட்கிறேன்: ரிப்பீட்டர் உங்களுக்கு முன்புபோலவே பலமாகக் கேட்கிறதா? பலமாகக் கேட்டு, அதற்கு மட்டும் நீங்கள் கேட்கவில்லை என்றால் ரிசீவர் பக்கம் அல்லது டீசென்ஸ். இரண்டுமே குறைந்திருந்தால் ஆன்டெனாவும் கேபிளும். அந்தப் பதிலை, பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் தாளோடு ஒப்பிடுவேன். அதில் எல்லாம் நன்றாக இருந்த நாளில் எடுத்த அளவுகள் உள்ளன: டிரான்ஸ்மிட்டர் நின்றிருக்கும்போது ரிசீவரின் உணர்திறன், ஓடும்போது உணர்திறன், வெளியே போகும் வாட், திரும்பி வரும் வாட், கேபிளின் இழப்பு. பக்கத்திலேயே தேதியும், அன்று காய்ந்த நாளா, மழையா, காற்றா என்பதும்.