தீட்டு கழியும்வரை காத்திருக்காது கண்

டார்ச் அடித்ததும் கருமணிக்குள் வெள்ளையாகத் தெரிந்தது. குழந்தைக்கு நாலரை மாதம். காசிமேட்டிலிருந்து பாட்டி தூக்கி வந்திருந்தார். "பூனைக்கண்ணு மாதிரி மின்னுது டாக்டர், புரையா?"

புரை இல்லை. விழித்திரையே முழுக்கக் கழன்று முன்னால் வந்து நிற்கிறது.

டிஸ்சார்ஜ் ஷீட்டை வாங்கினேன். 30 வாரத்தில் பிரசவம், எடை 1,300 கிராம், இரண்டு வாரம் ஆக்ஸிஜன், ரத்தத்தில் கிருமித்தொற்று, இரண்டு தடவை ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் ஆர்.ஓ.பி. எனும் விழித்திரை நோய்க்கு இதைவிடத் தோதான பட்டியல் வேண்டாம். கடைசி வரியில் கண் பரிசோதனைக்கான தேதியும் இருந்தது, ஆங்கிலத்தில். யாரும் வாயால் சொல்லவில்லை. "கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு. நாப்பது நாள் தீட்டு கழியட்டும், கொஞ்சம் எடை ஏறட்டும்னு இருந்துட்டோம்" என்றார் பாட்டி. அவரைத் திட்ட மனசு வரவில்லை. எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தவர்களைத்தான் திட்ட வேண்டும்.

"கண் நல்லாத்தானே இருக்கு." வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்து வாரம் ஒருமுறையாவது இதைக் கேட்கிறேன். சிவக்காது, நீர் வடியாது, பீளை தள்ளாது. விளக்கைக் காட்டினால் குழந்தை திரும்பும், அம்மா முகத்தையும் பார்க்கும். உள்ளே கண்ணின் பின்சுவரில் ரத்தக்குழாய்கள் கண்டபடி வளர்ந்துகொண்டிருக்கும். சொட்டு மருந்து விட்டுக் கருமணியை விரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நீங்களாகவே பார்க்கும்படி வெளியே ஏதாவது தெரிந்தால், பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது.

எடை ஏறட்டும் என்பது இன்னும் கொடுமை. எடை சரியாக ஏறாத குழந்தைக்குத்தான் இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம்!

ஆக்ஸிஜனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது உயிரைக் காப்பாற்றும், வேண்டாம் என்று சண்டை போடாதீர்கள். அளவில்லாமல் கொடுப்பதுதான் ஆபத்து. (பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 100 காட்டுகிறது என்று பூரிக்கும் தம்பிகளே, ஆக்ஸிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு 90 முதல் 95 வரை போதும்.) அதே சமயம், "எங்க பிள்ளைக்கு ஆக்ஸிஜனே வைக்கலையே" என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. முன்கூட்டிப் பிறந்ததே முதல் காரணம்.

சரி, யாருக்குப் பரிசோதனை? 34 வாரத்துக்கு முன் பிறந்திருந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் கீழ் இருந்தாலோ கட்டாயம். 34 முதல் 36 வாரத்தில் பிறந்து மூச்சுத்திணறல், கிருமித்தொற்று என்று உடம்பு படுத்தியிருந்தால் அவர்களுக்கும். பிறந்து 30 நாளைக்குள் முதல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்ததோ, 1,200 கிராமுக்குக் குறைந்ததோ என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. நாளைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணுங்கள், வீட்டுக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் பெட்டியில் இருக்கிறதா? அங்கேயே பார்க்கலாம், கேளுங்கள்.

ஒரு தடவை பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். ரத்தக்குழாய் விளிம்புவரை வளர்ந்து முடியும்வரை, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்வோம். லேசர் சிகிச்சை வேண்டும் என்றால் இரண்டு மூன்று நாளில் செய்தாக வேண்டும், அமாவாசை போகட்டும் என்று சொல்லாதீர்கள்.

கிளிப் போட்டு இமையை விரிக்கும்போது குழந்தை வீறிடும், பார்க்கவே சங்கடமாகத்தான் இருக்கும். அம்மா வெளியே நின்றுகொள்ளுங்கள், பரவாயில்லை. வருவதற்குச் சற்று முன்னால் மட்டும் வயிறு முட்டப் பால் கொடுத்துவிடாதீர்கள், கக்கிவிடும்.