சத்தம் மூளைக்குப் போய்ச் சேரும் நேரம்

தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு ஒன்றரை வயது. குக்கர் விசில் அடித்தால்கூடத் திரும்ப மாட்டாள். "அவங்க அப்பனும் மூணு வயசு வரைக்கும் பேசல, அப்புறம் வாயை மூடவே இல்ல" என்பார் பாட்டி. இந்த ஆறுதலை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, பிறகு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த வயதுப் பிள்ளையிடம் "கேட்குதா?" என்று கேட்டுப் பதில் வாங்க முடியாதுதான். ஆனால் அதன் மூளையிடம் கேட்கலாம்.

முதலில் செய்வது பெரா (BERA) டெஸ்ட்: ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின் பதிலை அளக்கும் சோதனை. முந்தைய ராத்திரி பிள்ளையை நேரம் கழித்துத் தூங்கவைத்துக் கூட்டிவரச் சொல்வார்கள்; தேவைப்பட்டால் தூக்க மருந்தும் உண்டு. அம்மா மடியில் அசந்து தூங்கும்போது நெற்றியையும் காதுகளுக்குப் பின்புறத்தையும் பசை தடவித் துடைத்து எலக்ட்ரோடுகளை ஒட்டுவார்கள். காதில் செருகிய சின்னக் குழாய் வழியாக 'டிக் டிக்' என்று நொடிக்கு இருபது முப்பது தடவை ஒலி போகும். ஒவ்வொரு டிக்குக்கும் கேட்கும் நரம்பும் மூளைத்தண்டும் பத்து மில்லி நொடிக்குள் வரிசையாகச் சில அலைகளை எழுப்பும். 1970-71இல் ஆய்வாளர் டான் ஜூவெட்டும் உடன் உழைத்தவர்களும் இவற்றை விவரித்தார்கள். ஐந்தாவது அலைதான் முக்கியம். ஒலியைக் குறைத்துக்கொண்டே வந்து, எந்த அளவில் அது மறைகிறது என்று பார்த்தால் கேட்கும் திறனைக் கணக்கிடலாம்.

ஆனால் அந்த அலை ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூளையின் சொந்த மின் இரைச்சல் அதைவிடப் பல மடங்கு பெரிது. காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலத்துக்கு நடுவே, ஒரு மூலையில் ஒருவர் 'வஞ்சிரம்' என்று முணுமுணுக்கிறார் என்று வையுங்கள். காதில் விழுமா? ஆனால் ஒரு மணி அடிக்கும்போதெல்லாம், அடித்து சரியாக ஆறாவது நொடியில் அவர் அதையே சொல்கிறார் என்றால்? மணியடித்த கணத்தைப் பொருத்தி 2000 பதிவுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுங்கள். ஏலக் கூச்சல் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி என்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். வஞ்சிரம் மட்டும் நிற்கும். 2000 தடவை கூட்டினால் இரைச்சல் ஏறக்குறைய 45இல் ஒரு பங்காகக் குறைகிறது. பெரா கருவி செய்வது இதைத்தான்.

சரி, குறைபாடு தெரிந்து காது மிஷினும் மாட்டியாயிற்று. பேச்சு மூளையின் மேல்புறணி (கார்டெக்ஸ்) வரை போகிறதா? பெராவால் இதைச் சொல்ல முடியாது. அது மூளைத்தண்டோடு நின்றுவிடுகிறது; டிக் ஒலியும் காது மிஷின் சரியாகக் கையாள முடியாத அளவு குறுகியது. இங்கேதான் புறணிச் சோதனை வருகிறது. இதற்குப் பிள்ளை விழித்திருக்க வேண்டும், ஆனால் அடம்பிடிக்கக் கூடாது. சத்தமில்லாமல் ஒரு கார்ட்டூனை ஓடவிட்டு, மிஷின் காதில் இருக்கும்போதே ஸ்பீக்கரில் 'ம', 'க', 'ட' போன்ற துண்டு ஒலிகளைக் கொடுப்பார்கள். 'ம' தாழ்ந்த சுருதி, 'ட' உயர்ந்தது. 'ம'வுக்கு அலை வந்து 'ட'வுக்கு வராவிட்டால், உயர் சுருதியில் மிஷினைக் கூட்டிவைக்க வேண்டுமா என்று ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறன் நிபுணர்) யோசிப்பார்.

அலை வருகிறதா என்பதோடு எப்போது வருகிறது என்பதும் முக்கியம். 'பி1' என்ற முதல் மேடு, பிறந்த குழந்தையிடம் ஒலி கேட்டு சுமார் 300 மில்லி நொடி கழித்து எழும். மூன்று வயதில் அது ஏறக்குறைய 125 ஆகிறது, பெரியவர்களிடம் 60. கேட்கக் கேட்கப் பாதை பழகுகிறது. ஒலியே வராத பிள்ளையிடம் அந்த மேடு தாமதமாகவே நின்றுவிடும். இதற்கு ஒரு கெடு இருப்பதை ஆய்வாளர் அனு சர்மாவின் ஆய்வுகள் காட்டின: மூன்றரை வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து வைக்கும், கேட்கும் நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவி) பொருத்தியவர்களில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் பி1 வயதுக்கேற்ற இடத்துக்கு வந்துவிட்டது, ஏழு வயதுக்குப் பிறகு பொருத்தியவர்களில் பெரும்பாலோருக்கு வரவில்லை. காத்திருக்கும் புறணியைப் பார்வை போன்ற மற்ற புலன்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்குகின்றன.

பிறந்தபோது கடும் மஞ்சள் காமாலை வந்த சில பிள்ளைகளுக்குக் உள்காதின் செல்கள் வேலை செய்யும், ஆனால் நரம்பு தாளம் தப்பும். அதனால் பெரா வெறும் கோடாக வரும். அவர்களுக்கு மிஷின் போதுமா, இம்ப்ளான்ட் வேண்டுமா என்று முடிவெடுக்க பி1 பெரிதும் உதவுகிறது. அதற்காக இதையே தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நன்றாகக் கேட்கும் பிள்ளையிடமும் சில நாள் அலை சரியாகப் பதிவாகாது. அலை இருப்பதாலேயே பேச்சு புரிகிறது என்றும் ஆகாது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இம்ப்ளான்டுக்கு ஆறு வயது வரம்பு உண்டு. மூளை வைக்கும் கெடு அதற்கும் முன்பே வந்துவிடுகிறது. இதைப் பாட்டியிடம் உட்கார்ந்து விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தனை மணிக்குப் போவணும்?" என்று மட்டும் கேட்டார்.