பொரிகோழியா, வறுத்த கோழியா?

'தென்னக வறுத்த கோழி' என்று ஒரு சமையல் குறிப்பின் தலைப்பு. இப்படி எழுதியிருப்பதை இதற்கு முன்பும் பத்துப் பதினைந்து இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிடுவேன். இந்த முறை முடியவில்லை, ஏனென்றால் அந்தக் குறிப்பை நம்பி என் தங்கை மகள் ஒன்றரைக் கிலோ கோழியை வீணாக்கிவிட்டாள்.

அவள் செய்ய நினைத்தது அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்கு உரிய 'சதர்ன் ஃப்ரைட் சிக்கன்'. அதையும் கூடையில் குவித்து வைக்காமல், விருந்துத் தட்டில் அடுக்கடுக்காகப் பரிமாற ஆசைப்பட்டாள். அடியில் மக்காச்சோள ரவைக் கூழ், அதன்மேல் வினிகர் விட்டு வேகவைத்த கீரை, அதன்மேல் மொறுமொறுவென்று எலும்பில்லாத கோழி, எல்லாவற்றுக்கும் மேலே மிளகு போட்ட வெள்ளைப் பால் குழம்பு. குறிப்பில் இருந்த வாக்கியம் இது: 'ஊறிய கோழித் துண்டுகளை மாவில் தூர்வாரி, மிதமான தீயில் பொன்னிறமாக வறுக்கவும்.' தூர்வாருவது என்னவென்று அவளாகவே ஊகித்துக்கொண்டாள். வறுக்கச் சொன்னதை அப்படியே நம்பினாள். வாணலியில் நாலு கரண்டி எண்ணெய் விட்டு, துண்டுகளைப் போட்டுக் கிளறிக் கிளறி வறுத்தாள். மாவெல்லாம் கழன்று அடிப்பிடித்தது. கோழி வெளுத்துப்போய்த் தனியாக நின்றது. "மாமா, வறுக்கணும்னுதானே போட்டிருந்துச்சு?" என்று கேட்டாள். போட்டிருந்தது, அதுதான் தவறு.

ஆங்கில 'ஃப்ரை' என்ற சொல் லத்தீன் 'ஃப்ரிகெரெ'யிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீனிலேயே அந்த வினைக்கு இரண்டு பொருளும் உண்டு: தானியத்தை வறுப்பதும் அதுதான், கொழுப்பில் பொரிப்பதும் அதுதான். ஆங்கிலமும் அப்படியே வைத்துக்கொண்டது. தமிழ் அப்படி இல்லை. நம்மிடம் வறு, பொரி, வதக்கு, வாட்டு, சுடு, தாளி என்று தனித்தனி வினைகள் இருக்கின்றன. 'ஃப்ரை' என்று ஆங்கிலத்தில் பார்த்ததும் மொழிபெயர்ப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, இது இவற்றுள் எது என்பதுதான். அகராதியில் முதலில் வருகிற சொல்லை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது.

வறு என்பதை வறள், வறட்சி, வறுமை ஆகிய சொற்களோடு ஒரே குடும்பமாகத்தான் நான் பார்க்கிறேன். ஈரத்தைப் போக்குவது அதன் உயிர். ரவையை வறுக்கிறோம், மிளகாயை வறுக்கிறோம், கடலையை, காபிக்கொட்டையை வறுக்கிறோம். இவை எல்லாவற்றிலும் கை ஓயாது. கரண்டி சுற்றிக்கொண்டே இருக்கும், நிறுத்தினால் கருகிவிடும். பொரி என்பது வெடித்து, உப்பி, வெளிவருவது. நெல் பொரிகிறது, கடுகு பொரிகிறது, அப்பளம் பொரிகிறது, முட்டையிலிருந்து குஞ்சு பொரிகிறது. எந்த வீட்டிலும் 'அப்பளத்தை வறு' என்று சொல்லிக் கேட்டதில்லை. 'கடுகு வறுபட்டதும் கறிவேப்பிலை போடு' என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். மாவு பூசிய கோழி காய்ந்த எண்ணெயில் இறங்கும்போது நடப்பதும் இதேதான். உள்ளேயிருக்கிற நீர் ஆவியாகி, பூச்சைத் துளைத்துக்கொண்டு குமிழ் குமிழாக வெளியே வரும். அந்தச் சடசட ஓசைதான் பொரிதல். அந்த நேரத்தில் கரண்டியால் தொடவே கூடாது. ஒரு பக்கம் இறுகிய பிறகு ஒரே ஒரு முறை திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே 'வறுக்கவும்' என்று எழுதினால் சொல் மட்டும் தவறாகவில்லை, கையும் தவறான வேலையைச் செய்கிறது. என் தங்கை மகள் கிளறியதற்கு அந்த வினைச்சொல்தான் காரணம்.

இதை நான் சொன்னபோது, தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. 'வறைகோழி' என்று ஒரு சொல்லை அவர் முன்வைக்கிறார். பழமையானது, தூயது, இலக்கியச் சான்று உள்ளது என்பது அவர் வாதம். சான்று பெரிய சான்றுதான், மறுக்க மாட்டேன். புறநானூற்றின் 386ஆம் பாட்டில் கோவூர் கிழார் 'நெய் துள்ளிய வறை' என்கிறார். நீர் நிறைந்த குளத்தில் மழைத்துளி விழுவதுபோல நெய் துள்ளுகிறதாம். பொரிகிற சட்டியை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தவர்களுக்கு அந்த உவமையின் அருமை தெரியும். அந்தக் காலத்தில் வறை என்ற சொல் நெய்யில் பொரித்ததையும் குறித்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் சொல் அங்கேயே நின்றுவிடவில்லையே. இன்று வறை என்ற சொல்லை நாள்தோறும் சமையலறையில் புழங்குகிறவர்கள் ஈழத்தமிழர்கள். யாழ்ப்பாணத்தில் வறை என்றால் சுறா வறை, முருங்கையிலை வறை. உதிர்த்து, தேங்காய்ப்பூ சேர்த்துச் சட்டியில் ஈரம் போகக் கிண்டி எடுப்பது. அங்கே போய் வறைகோழி என்று சொன்னால், உதிர்த்த கோழியில் தேங்காய்ப்பூ போட்டுக் கிண்டியது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எண்ணெயில் போட்டு எடுப்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் பொரியல்: மீன் பொரியல், கத்தரிக்காய்ப் பொரியல். தமிழ்நாட்டிலோ பொரியல் என்றால் பீன்ஸை நறுக்கி வதக்கித் தேங்காய் தூவியது. பெயர்ச்சொற்கள் இப்படிக் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடம் மாறிக் கிடக்கின்றன. ஆகவே 'கோழிப் பொரியல்' என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'பொரித்தேன்' என்ற வினையைச் சொன்னால் இரண்டு கரையிலும் ஒரே காட்சிதான் மனத்தில் வரும். இரண்டு கரைக்கும் பொதுவான சொல் கையில் இருக்கும்போது, ஒரு கரையில் வேறு பொருள் தருவதை எதற்காக எடுக்க வேண்டும்?

நண்பர் விடவில்லை. வாழைக்காய் வறுவல் எண்ணெயில் மூழ்கித்தானே வருகிறது, மீன் வறுவல் என்று ஊரெல்லாம் சொல்கிறதே என்றார். சொல்கிறார்கள், சரிதான். வறுவல் என்ற பெயர் பரந்துவிட்டது. பள்ளிபாளையம் சிக்கனும் வறுவல்தான், செட்டிநாட்டுக் கோழி வறுவலும் வறுவல்தான். நான் அஞ்சுவதும் அதற்காகத்தான். கோழியையும் 'வறுத்த' என்பதையும் சேர்த்துக் கேட்டவுடன் தமிழ்நாட்டு மனம் போய் நிற்கிற இடம் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் போட்டுச் சுருளச் சுருளக் கிளறிய சட்டி. அதுவும் அருமையான பண்டம். ஆனால் இது அது இல்லை. ஏற்கெனவே ஒரு பண்டத்துக்குச் சொந்தமாகிவிட்ட பெயரை இன்னொன்றுக்கு வைத்தால் இரண்டுமே தெளிவிழக்கும்.

அவருடைய கடைசி வாதம் பொரியைப் பற்றியது. கடைப்பொரி எண்ணெய் இல்லாமல் சுடுமணலில் பொரிவதாயிற்றே, அப்படியானால் பொரித்தலுக்கும் எண்ணெய்க்கும் என்ன தொடர்பு என்றார். இந்தக் கேள்விக்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பொரித்தல் என்ற சொல்லின் நடுவில் எண்ணெய் எப்போதுமே இருந்ததில்லை. வெடித்து உப்புவதுதான் இருந்தது. அதற்கு மணலும் உதவும், எண்ணெயும் உதவும், அடைகாக்கும் கோழியின் சூடும் உதவும். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் இறைவனுக்குப் படைக்கும் உணவுகளோடு பொரிக்கறியமுது வருகிறது. ஆக, பழமைதான் அளவுகோல் என்றால் இந்தப் பக்கமும் கல்லில் வெட்டிய சான்று இருக்கிறது.

இன்னொரு தொல்லையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களில் பாதிப்பேர் அதைப் 'பொறித்த கோழி' என்று எழுதுகிறார்கள். பொறித்தல் என்றால் செதுக்குதல், முத்திரை பதித்தல். சோழன் புலியைப் பொறித்தான், கல்லில் எழுத்தைப் பொறித்தார்கள். உணவகங்களின் பெயர்ப்பலகையில் பெரிய எழுத்தில் இந்த வல்லின றகரத்தைப் பார்க்கும்போது, பலகை எழுதுகிறவரிடம் ஒரு நிமிடம் யாராவது எடுத்துச் சொல்லக்கூடாதா என்று இருக்கும்.

சரி, தலைப்பின் முதல் பாதிக்கு வருவோம். தென்னகம் என்ற சொல்லைத் தமிழ் வாசகர் தென்னிந்தியா என்றுதான் படிப்பார். தெற்கத்தி என்றால் திருநெல்வேலிப் பக்கம். இங்கே குறிப்பது வர்ஜீனியா, ஜார்ஜியா, அலபாமா, டென்னசி முதலிய மாநிலங்களை. 'தென்னக' என்று போட்டவுடன் அந்த ஊர்களும் மறைகின்றன, அவற்றோடு அந்தப் பண்டத்தைச் செய்த கைகளும் மறைகின்றன. 1824இல் வெளிவந்த மேரி ராண்டால்ஃபின் 'தி வர்ஜீனியா ஹவுஸ்-வைஃப்' என்ற சமையல் நூலில் இதன் செய்முறை அச்சாகியிருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து வர்ஜீனியாவில், வசதியான வீடுகளின் அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு அதே மாநிலத்தின் கார்டன்ஸ்வில் ரயில் நிலையத்தில், கறுப்பினப் பெண்கள் தட்டைத் தலையில் சுமந்து வந்து ரயில் சன்னல் வழியாகப் பொரித்த கோழியை விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். இவ்வளவு வரலாறு உள்ள ஒன்றை ஊர் தெரியாமல் பெயர்க்கக்கூடாது. 'அமெரிக்கத் தென்மாநில' என்று முதல் தடவை முழுதாக எழுதிவிட்டால் போதும்.

அந்த 1824 நூல் என்ன சொல்கிறது என்பதையும் பாருங்கள். துண்டுகளில் மாவை நன்றாகப் பூசி உப்புத் தூவி, கொதிக்கிற பன்றிக்கொழுப்பு நிறைய இருக்கும் சட்டியில் போட்டு இளம்பழுப்பாக எடுக்க வேண்டும். கூடவே மக்காச்சோளக் களித் துண்டுகளையும் பார்ஸ்லி இலையையும் பொரித்து வைக்க வேண்டும். பாலில் வெண்ணெய், மிளகு, உப்பு, நறுக்கிய பார்ஸ்லி சேர்த்துக் காய்ச்சிக் கோழியின்மேல் ஊற்ற வேண்டும். களி, கோழி, பால் குழம்பு, பொரித்த இலை. என் தங்கை மகள் ஆசைப்பட்ட தட்டு இதற்கு நெருங்கிய சொந்தம்.

'தூர்வாரி' என்று வந்தது எப்படி என்பதும் தெளிவு. ஆங்கிலத்தில் 'டிரெட்ஜ்' என்று ஒரே மாதிரி எழுதும் இரண்டு சொற்கள் உண்டு. துறைமுகத்தில் சேறு வாருவது ஒன்று. மாவு, சர்க்கரை தூவுவது இன்னொன்று, அது இனிப்புப் பண்டத்தைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவே இல்லை. நம் வீடுகளில் 'மாவில் புரட்டு' என்போம். அம்மாவிடம் கேட்டிருந்தாலே அந்தச் சொல் கிடைத்திருக்கும். இப்போது பலர் கேட்பதில்லை. கணினி துப்பியதை ஒருமுறை படித்துக்கூடப் பார்க்காமல் ஏற்றிவிடுகிறார்கள். அதே குறிப்பில் 'பட்டர்மில்க்' வெறும் மோர் ஆகியிருந்தது. அவர்கள் பயன்படுத்துவது புளிக்கவைத்த கெட்டி மோர், நம்முடைய நீர்மோர் அல்ல. நீர்மோரில் முக்கினால் மாவு ஒட்டாது, தயிரைக் கொஞ்சமே தண்ணீர் விட்டுக் கடைந்தால்தான் சரிவரும். தென்மாநில 'பிஸ்கட்' நம் தேநீரில் தோய்க்கும் பிஸ்கட் அல்ல, சுடச்சுடப் பிட்டுத் தின்னும் மெத்தென்ற சிறு ரொட்டி. 'கிரேவி' என்றதும் வெங்காயம் தக்காளி வதக்கத் தொடங்கிவிடுவோம், அதனால் பால் குழம்பு என்றே சொல்லிவிடலாம். இவற்றை எல்லாம் ஒரு வரியில் விளக்க மனமில்லாதவர்கள் சமையல் குறிப்பை ஏன் மொழிபெயர்க்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. படிக்கிறவருடைய காசும் நேரமும் அடுப்பும் இதில் இருக்கின்றன.

என் பரிந்துரை 'பொரிகோழி'. சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. பொரித்த, பொரிக்கிற, பொரிக்கும் என மூன்று காலத்துக்கும் பொருந்தும். வினைத்தொகையில் ஒற்று மிகாது என்பதால் 'பொரிக்கோழி' என்று எழுத வேண்டாம், அது பொரியோடு கோழி என்றாகிவிடும். குஞ்சு பொரிக்கிற கோழியோடு குழம்பாதா என்று கேட்டால், அதற்கு அடைகோழி என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. விருதுநகரில் பொரிச்ச பரோட்டா என்று நெடுநாளாகச் சொல்கிறார்கள், யாருக்கும் ஐயம் வந்ததில்லை. வடை சுடுகிறோம், பணியாரம் சுடுகிறோம் என்பதால் 'சுட்ட கோழி' ஆகுமே என்று ஒருவர் கேட்டார். கோழிக்குச் 'சுட்ட' என்றால் அது தணலில் வாட்டியதாகத்தான் இருக்கும்.

போன ஞாயிறு இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி செய்தோம். எலும்பு நீக்கிய தொடைக்கறியை ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்புக் கரைத்து நாலு மணி நேரம் ஊறவைத்தோம். துடைத்து, மிளகும் மிளகாய்த்தூளும் கலந்த மைதாவில் புரட்டி, கடைந்த தயிரில் முக்கி, மறுபடி மாவில் புரட்டி, பூச்சு ஒட்டிக்கொள்ளக் கால்மணி நேரம் விட்டுவிட்டோம். கடலை எண்ணெயைத் துண்டின் பாதி உயரத்துக்கு ஊற்றினோம். அந்த மாநிலங்களிலும் கடலை எண்ணெயில் பொரிப்பவர்கள் உண்டு. எண்ணெய் 170 டிகிரி செல்சியஸ், கறியின் உள்ளே 74 டிகிரி வந்ததும் எடுத்தோம். கரண்டியை நான் கையிலேயே வைத்துக்கொண்டேன், அவளிடம் கொடுக்கவில்லை.

பழைய குறிப்பில் பேனாவால் அடித்துவிட்டு அவள் எழுதிய வாக்கியம் இப்போது அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறது: 'மாவில் புரட்டிய துண்டுகளைக் காய்ந்த எண்ணெயில் போட்டு, கிளறாமல், ஒரு முறை மட்டும் திருப்பிப் பொரிக்கவும்.'