வெர்டிகல் ஆன்டெனாவில் இரைச்சலா? முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்

அமெச்சூர் ரேடியோவுக்கு வெர்டிகல் (செங்குத்து) ஆன்டெனா போட்டவர்களின் புலம்பல் பெரும்பாலும் ஒன்றுதான்: 7 மெகாஹெர்ட்ஸில் ரேடியோவின் சிக்னல் வலிமை மீட்டர், யாரும் பேசாதபோதும், எஸ்7-க்குக் கீழே இறங்குவதே இல்லை. ‘வெர்டிகல் என்றாலே இரைச்சல்தான்’ என்று பலர் அதோடு வாழப் பழகிவிடுகிறார்கள். அக்கம்பக்கத்து மின்கருவிகளின் இரைச்சலை வெர்டிகல் சற்றுக் கூடுதலாகவே வாங்கும், உண்மைதான். ஆனால் பல இடங்களில் அந்த இரைச்சல் கோஆக்ஸ் கேபிளின் (நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் உள்ள ஆன்டெனா கேபிள்) வெளிப்புறத்தில் ஏறி வருகிறது.

உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பிலேயே ஓடும். அதனால் கேபிள் பின்னலின் உட்புறமும் வெளிப்புறமும் தனித்தனிக் கம்பிகள் போல நடந்துகொள்கின்றன. எல்இடி விளக்கு, சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் கக்கும் இரைச்சல் வெளிப்புறம் வழியே ஃபீட் பாயின்ட் (கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடம்) வரை போய், அங்கே உள்ளே புகுந்து ரிசீவருக்குத் திரும்புகிறது. எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பொருத்தத்தின் அளவு, 1 என்றால் கச்சிதம்) 1.1 காட்டினாலும் இது நடக்கும்.

இதைத் தடுக்கும் சோக் (ஃபெரைட் வளையத்தில் சுற்றிய கேபிள்) வாங்குவதற்கு முன் சோதியுங்கள். ரேடியோவை பேட்டரியில் ஓட்டி, வீட்டின் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். இரைச்சல் விழுந்தால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள். பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டாகப் போட்டுப் பாருங்கள். அடுத்து, ஆன்டெனாவையும் ரேடியல்களையும் (ஆன்டெனாவின் அடியிலிருந்து விரியும் கம்பிகள்) கழற்றி, கேபிள் முனையில் உலோக உறையுள்ள 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலான மின்தடை) மாட்டுங்கள். இந்தச் சோதனையின் முடிவைத்தான் பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள். அப்போதும் இரைச்சல் இருந்தால் கனெக்டரோ பின்னலோ கெட்டிருக்கிறது, அல்லது பவர், யுஎஸ்பி கம்பிகள் வழியே ரேடியோவுக்குள் நுழைகிறது. ஃபீட் பாயின்ட் சோக் உதவாது. இரைச்சல் மறைந்தால் அது ஆன்டெனா வழியாகவோ கேபிளின் வெளிப்புறம் வழியாகவோ வருகிறது. இரண்டில் எது என்று பிரிக்க, ஃபீட் பாயின்ட்டில் தற்காலிகமாக ஒரு சோக் போடுங்கள். இரண்டு எஸ் புள்ளிகள், அதாவது சுமார் 12 டெசிபல், இறங்கினால் கேபிள்தான் காரணம்.

நல்ல சோக்குக்கு 31 ரக ஃபெரைட், 2.4 அங்குல டொராய்டு வளையம் (எஃப்டி240-31). 3.5, 7 மெகாஹெர்ட்ஸுக்கு 5 மிமீ கேபிளில் சுமார் 14 சுற்று. மேல் பேண்டுகளுக்கு 10, 11 போதும். துளை வழியே ஒருமுறை போனாலே ஒரு சுற்றுக் கணக்கு. அதிகம் சுற்றினால் சுற்றுகளுக்கிடையிலான கொள்ளளவு மேல் பேண்டுகளைக் கெடுக்கும். ஃபோம் கேபிளை இறுக்கி வளைத்தால் நடுக்கம்பி நாளடைவில் இடம்பெயரும். திட இன்சுலேஷன் உள்ளதே நல்லது. சிவப்பு இரும்புத்தூள் டொராய்டு இதற்கு ஆகாது. கேபிளில் கவ்வும் ஒற்றை ஃபெரைட் மணியும் 7 மெகாஹெர்ட்ஸில் பேருக்குத்தான்: மின்மறுப்பு ஏறத்தாழ சுற்றுகளின் வர்க்கத்தில் கூடும், 14 சுற்றுக்கு 196 மடங்கு. வெறும் கேபிள் சுருள் ஒரு குறுகிய அலைவரிசையில் மட்டும் வேலை செய்யும்.

நானோவிஎன்ஏ (கையடக்க ஆன்டெனா அளவுக் கருவி) இருந்தால் சோக் கேபிளின் பின்னலின் இரு முனைகளை மட்டும் இரண்டு போர்ட்களின் நடுமுனைகளுக்கு இடையே தொடராக இணைத்து அளக்கலாம். 34 டெசிபல் இழப்பு என்றால் சுமார் 5000 ஓம், அருமை. 20 டெசிபல் என்றால் 900 ஓம்தான்.

ரேடியல்கள் சேரும் இடத்துக்கு அடுத்து, ரேடியோ பக்கமாக முதல் சோக். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இரண்டாவது. இடையிலுள்ள கேபிளும் இரைச்சலைப் பிடிக்குமே.

‘ரேடியல் தேவையில்லை’ என்று விற்கப்படும் வெர்டிகல்களில் பெரும்பாலும் கேபிளின் வெளிப்புறமே ரேடியலாக வேலை செய்கிறது. சோக் போட்டதும் எஸ்டபிள்யூஆர் தாறுமாறாகும். சோக்கின்மேல் பழி போட்டுக் கழற்ற வேண்டாம். தரையில் 16 ரேடியலாவது விரியுங்கள், நீளம் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை.

டிஜிட்டல் முறையில் தொடர்ந்து அனுப்பும்போது எஸ்டபிள்யூஆர் மெல்ல ஏறி, நிறுத்தினால் பழைய நிலைக்கு வருகிறதா? அனுப்புவதை நிறுத்திவிட்டு டொராய்டைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் ரேடியல் போதவில்லை அல்லது சோக்கின் மின்மறுப்பு போதவில்லை. ரேடியலைக் கூட்டியும் சூடு குறையாவிட்டால், இன்னொரு டொராய்டு சுற்றித் தொடராகச் சேருங்கள்.